ரைஸ் மில் களத்து அக்கா

அவர் பெயரை இங்கே எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் அவரும் சந்தோஷப்படுவார். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்கூட நீட்டி, "இது நான்தான், படி" என்பார். ஆனால் நான் எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் அவருடைய மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மாவப் பத்தி இன்னா வேணா எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்க. எங்க மாமியா ஊட்ல படிப்பாங்க." அதனால் பெயர் இல்லை. கும்மிடிப்பூண்டியில் எங்களில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. அக்கா என்றால் அவர்தான்.

மகள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அக்காவுக்குக் கூச்சம் என்பது பிறவியிலேயே வைக்கப்படாமல் விட்டுப்போன ஒன்று.

நான் அவரை முதலில் பார்த்தது அரசு ஆஸ்பத்திரியில், சர்க்கரை நோயாளிகளுக்கான நாளில். நாஷ்டாவுக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிசல்ட் சீட்டுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சீட்டு கைக்கு வந்ததும் அதைப் பார்க்காமலே மடித்து முந்தானைக்குள் செருகிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி அப்படிச் செய்யவில்லை. கண்ணாடியைக் கொண்டுவர மறந்துவிட்டாராம். தன் சீட்டை எதிரில் நின்றிருந்த யாரோ ஒரு ஆளிடம் நீட்டினார்.

"கொஞ்சம் படிச்சி சொல்லு நைனா."

அந்த ஆள் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"சத்தமா சொல்லு. காது கொஞ்சம் மந்தம்."

அவர் சத்தமாகச் சொன்னார். அக்காவின் சர்க்கரை எவ்வளவு என்று வரிசை முழுக்கத் தெரிந்தது. அவர் கவலைப்படவில்லை. போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது என்று வரிசைக்கே பொதுவாக அறிவித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனுக்கு எவ்ளோம்மா?"

"தெரியலக்கா."

"சீட்டு உள்ளதான கீது? எடு. அந்த நைனா நல்லாப் படிக்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் வீட்டில் சர்க்கரை என்பது வெறும் நோயின் பெயர் அல்ல. என் கணவரின் மூத்த சகோதரி அதில்தான் போனார். கண் மங்கியது, சிறுநீரகம் கெட்டது. கடைசி வருடம் முழுக்க என் கணவர்தான் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். இரும்பு ரோலிங் மில்லில் உலைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிற மனிதர், அந்தச் சகோதரி இறந்த பிறகு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அவரிடம் போய் எனக்கும் அதுதான் என்று எப்படிச் சொல்வது? நான் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனியில் உட்கார்ந்தபடியே சோதித்து அடுக்குகிற வேலையில் இருந்தேன். மாத்திரையைக் கம்பெனி லாக்கரில் வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டின்போது யாரும் பார்க்காமல் போட்டுக்கொள்வேன்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாத்திர மட்டும் போட்டா பத்தாது. நாளிக்குக் காலைல ஏரோவுக்கு வா."

ஏரோ என்றால் ஏரோபிக்ஸ். அதற்குமேல் அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்குப் பொறுமை இல்லை.

அதற்கு ஒரு கதை இருந்தது. முன்பு ஒரு முகாம் நடந்ததாம். சென்னையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து, சர்க்கரை உள்ள நடுத்தர வயதுப் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மூச்சு வாங்கும்படி, இதயம் வேகமாகத் துடிக்கும்படி கைகால்களை இடைவிடாமல் அசைக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடம்பிலுள்ள தசை, ரத்தத்தில் சுற்றும் சர்க்கரையை எடுத்துச் செலவு செய்துவிடும். இவ்வளவுதான் விஷயம். முகாம் சில நாளில் முடிந்தது. பேனரைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். அக்கா மட்டும் மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து நின்றார். அதற்கு மறுநாளும்.

இடம், பஸ் போகும் சாலையை ஒட்டி மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லின் களம். நெல் காயப்போடுவதற்காகப் போட்ட சிமென்ட் தரை. மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும். சுற்றுச்சுவர் பாதி இடிந்திருந்ததால் சாலையிலிருந்து எல்லாம் தெரியும். காலையில் தொழிற்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ்கள், ஆந்திரா லாரிகள், பைக்குகள் எல்லாம் அந்த வழிதான். அங்கே நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டும், மகளுடைய சுடிதாரில் சிரமப்பட்டு நுழைந்துகொண்டும் நாற்பதும் ஐம்பதும் கடந்த பெண்கள் கைகால் ஆட்டினால் எப்படி இருக்கும்? முதல் நாள் நான் சுவர் இடியாத பக்கமாகப் போய் ஒட்டி நின்றேன். அக்கா என் தோளைப் பிடித்து நகர்த்தி, சாலைக்கு நேராக முன்வரிசையில் நிறுத்தினார்.

"அங்க இருட்டா கீது. உன் கால் எப்டி போவுதுன்னு எனுக்குத் தெரிய வேணாமா?"

பாட்டுப் பெட்டி எதுவும் இல்லை. அக்கா கைதட்டுவார். அந்தக் கைதட்டல்தான் தாளம். மெதுவாக ஆரம்பித்து, வேகமெடுத்து, மறுபடி மெதுவாக இறங்கும். ஒவ்வொரு அசைவுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசுவது 'வலை வீசுறது'. இடுப்பைத் திருப்பித் திருப்பிக் கையை முறுக்குவது 'போர்வ புழியிறது'. நின்ற இடத்திலேயே முட்டியைத் தூக்கி வேகமாக ஓடுவது 'பஸ்ஸ வுட்டுட்டேன்'. கடைசியில் மூச்சைத் தணிக்கும் நடைக்கு 'மாமியா ஊட்டுக்குப் போறது' என்று பெயர். அதற்கு யாரும் அவசரப்பட மாட்டார்கள் என்பதால்.

வலை வீசுவது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்கிறேன். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவர் அவர். அப்பா வலை வீசுவார். அம்மாவும் மகளும் கூடையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு மீன் விற்கப் போவார்கள். "மீன் விக்கிறவ கூச்சப்பட்டா மீனு நாறிப்பூடும்" என்று சொல்லிச் சிரிப்பார். கல்யாணமாகி இங்கே வந்து ஒரு கம்பெனி கேன்டீனில் வருடக்கணக்காகச் சப்பாத்தி தேய்த்தார். சர்க்கரை வந்ததும் அங்கேதான். கணவர் கம்பெனி வேன் ஓட்டுபவர், சாது. அக்கா பேசுகிற அளவுக்கு அவர் பேசாமல் இருந்து வீட்டைச் சமன்செய்து வைத்திருந்தார்.

களத்தில் ஒரு விதி இருந்தது. ஆடும்போது பேச வேண்டும்.

"பேசிக்கினே ஆடு. பேசவே முடியலன்னா நீ ரொம்ப வேகமாப் போற, கொஞ்சம் கொற. பாட்டே பாட முடிஞ்சுதுன்னா ஏமாத்துற, வேகத்தக் கூட்டு." அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லித் தந்தது என்பார்.

பேச வேண்டும் என்றால் எதையாவது பேச வேண்டுமே. முந்தின நாள் குழம்பிலிருந்து ஆரம்பிக்கும். பிறகு புருஷன், மருமகள், கம்பெனி சூப்பர்வைசர் என்று போகும். பெரியபாளையம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கன்னியம்மா, நெல் நிலம் உள்ள வீட்டுப் பெண், வந்த புதிதில் வாயையே திறக்கமாட்டாள். ஒரு நாள் 'போர்வ புழியிறது' நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று, "என் மாமியாருக்கு நான் ஆடுறது புடிக்கல" என்றாள். அவள் கை நிற்கவில்லை. அக்காவும் தட்டுவதை நிறுத்தாமல், "அவங்களுக்கும் சக்கர கீதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றாள். "அப்ப இட்டுக்கினு வா" என்றார் அக்கா. மறுவாரம் மாமியாரும் வந்தார். மருமகளுக்கு இரண்டு வரிசை தள்ளி நின்றார் என்பது வேறு விஷயம்.

சாலையில் போகிறவர்கள் கிண்டல் செய்யாமல் இருப்பார்களா? ஓரமாக நின்ற ஒரு லாரியிலிருந்து டிரைவரும் அவர் கூட்டாளியும் எட்டிப் பார்த்து விசிலடித்தார்கள். நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். அக்கா நேராக லாரிக்குப் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவர் டிரைவரின் வயிற்றைக் காட்டி, "இன்னா நைனா, இவ்ளோ தொப்பைய வெச்சிக்கினு உக்காந்தே ஓட்டினுகீற? எறங்கி வா. ஆம்பளைக்கும் சக்கர வரும்" என்று நிஜமான அக்கறையோடு கூப்பிட்டார். அந்த ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் சில நாள் கழித்து அதே லாரி களத்துக்கு வெளியே நின்றது. டிரைவர் இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு எங்களோடு சேர்ந்து 'பஸ்ஸ வுட்டுட்டேன்' செய்துகொண்டிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அக்கா எங்களுக்குக் கண்ணால் உத்தரவு போட்டார்.

அவருடைய இந்தக் குணம் எப்போதும் இனித்தது என்று சொல்லமாட்டேன். எனக்கு அது ஒரு தரம் நன்றாகவே கசந்தது.

ஷிஃப்ட் நேரம் மாறிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் நான் காலையில் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழையைக் காரணம் காட்டிச் சில நாள் போகாமல் இருந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம். என் கணவர் திறந்தார். அக்கா நின்றிருந்தார்.

"தம்பி, ஊட்ல கீறாளா? நாலஞ்சு நாளா ஏரோவுக்கே வரல. சக்கரைய வெச்சிக்கினு இப்டி லீவு போட்டா இன்னா அர்த்தம்?"

நான் சமையலறையிலிருந்து ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கணவர் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அவர், "ஓ, சொல்லலியா? சரி, இப்ப சொல்லியாச்சு" என்றார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

என் கணவர் கத்தவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தார். பிறகு, "எங்க அக்காவும் இப்டித்தான். சொன்னா நாங்க பயப்படுவோம்னு சொல்லாமலே வெச்சிருந்துச்சு" என்றார். மறுநாள் சாப்பிடாமல் வேலைக்குப் போனார். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு இல்லை.

நான் களத்துப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். என் வீட்டு விஷயத்தை எப்போது, எப்படிச் சொல்வது என்பது என் பாடு. அதை வாசலில் நின்று போட்டுடைக்க அவர் யார்? கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஒரு நாள் அவர் வந்து பக்கத்தில் நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கோவமா?"

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"கோவம் இருந்தா இருக்கட்டும். கோவத்தோடயே வா. கோவத்துல ஆடினா இன்னும் நல்லா வேர்க்கும்."

மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. ஆனால் பஸ் வரும்வரை நகராமல் நின்றார். அன்று இரவு சாப்பிடும்போது என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தம்மா என்னையும் எங்க மில்லு கேட்டாண்ட வந்து பாத்துச்சு. நாளைக்கு உன்ன அனுப்பச் சொல்லிச்சு. நான் எழுப்பி வுடுறேன்."

அன்றிலிருந்து என் மாத்திரை லாக்கரிலிருந்து வீட்டு அலமாரிக்கு வந்தது. சில மாதங்களில் டாக்டர் அதன் அளவைக் குறைத்தார். கோபம் எப்போது போனது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மேகலாவுக்கு மயக்கம் வந்த நாளாக இருக்கலாம்.

மேகலா எங்களில் கொஞ்சம் இளையவள்; வீட்டு வேலை, கம்பெனி வேலை என்று எதிலும் பறப்பாள். ஒரு காலை ஆடிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தினாள். முகம் வெளுத்து, குளிர்ந்த வேர்வை கொட்டி, கை நடுங்க ஆரம்பித்தது. அக்கா ஓடிவந்து பிடித்துக்கொண்டார். "மாத்திர போட்டியா? சாப்ட்டியா?" மாத்திரை போட்டிருந்தாள், சாப்பிடவில்லை. சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டது. உடனே இனிப்பாக ஏதாவது வாயில் போட வேண்டும். எங்களில் யாரிடமும் ஒரு மிட்டாய்கூட இல்லை; சர்க்கரைக்காரர்களிடம் எப்படி இருக்கும்?

அக்கா சாலைக்கு ஓடினார். வந்துகொண்டிருந்த ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றார். பிரேக் சத்தம் எங்கள் நெஞ்சில் கேட்டது. பஸ் நிறைய நீலச் சட்டை போட்ட இளைஞர்கள். அவர் படியேறி உள்ளே போய், "யார்னா இனிப்பு வெச்சிக்கினு கீறீங்களாப்பா? ஒரு பொம்பளப் புள்ளைக்கு சக்கர எறங்கிப்போச்சு" என்று கத்தினார். ஒருவன் சாக்லேட் கொடுத்தான். ஒருவன் பாட்டிலில் இருந்த ஜூஸைக் கொடுத்தான். இன்னொருவன் இறங்கியே வந்துவிட்டான். மேகலா கண்ணைத் திறந்து சரியாகப் பேசுகிறவரை பஸ் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகும் கம்பெனி பஸ்களிலிருந்து விசில் வருவது நின்றுவிட்டது. அக்கா முந்தானை முடிச்சில் எப்போதும் வெல்லக்கட்டி இருந்தது. வெறும் வயிற்றோடு வருகிறவர்களைக் களத்துக்குள் விடமாட்டார். "வாய ஊது பாப்போம்" என்று குடிகாரனைக் கேட்பதுபோல் கேட்டு, இட்லி வாசனை வந்தால்தான் சம்மதிப்பார்.

இதெல்லாம் போக, வாரத்துக்கு ஒரு நாள் கால் பார்க்கிற நாள். சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகும். முள் குத்தினாலும் தெரியாது. களத்து ஓரத்தில் எல்லோரும் கால் நீட்டி உட்கார, அக்கா போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு பாதத்தையும் திருப்பி, விரல் இடுக்கெல்லாம் விலக்கிப் பார்ப்பார். பெரியவர் நம் காலைத் தொடுகிறாரே என்று நாங்கள் நெளிவோம். "காலத்தான பாக்குறேன்? கழட்டிக்கினா பூடுவேன்?" என்பார். வெறுங்காலில் நடக்கவே கூடாது என்பது அவருடைய கண்டிப்பான சட்டம்.

அந்த வருடம் ஆடி மாதம் மகளின் பிரசவத்துக்காக வேண்டிக்கொண்டு பெரியபாளையத்து அம்மனுக்குப் போய்வந்தார். வந்த பிறகு அவரிடம் ஏதோ மாறிவிட்டது. கைதட்டுவார், ஆனால் கால் ஆடவில்லை. சாக்ஸ் போட்டு ஷூ போட்டிருந்தார். கால் பார்க்கிற நாள் இரண்டு வாரம் தள்ளிப்போனது. என்னவென்று கேட்டால், "கால் ஆணிடீ, சும்மா" என்பார். அவர் கணவர் ஒரு நாள் வேனை நிறுத்தி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்களாவது அவ கால ஒரு தரம் பாருங்கம்மா. நான் கேட்டா வள்ளுன்னு வுழுவுறா."

மறுநாள் களத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "அக்கா, உன் காலக் காட்டு."

"உன் வேலையப் பாத்துக்கினு ஆடு."

"காட்டுக்கா."

அவர் முகம் சிவந்தது. தட்டிக்கொண்டிருந்த கையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தோம்.

நானும் கன்னியம்மாவும் பின்னாலேயே போனோம். கதவைத் திறந்த கணவர், "வேல கீதுன்னு சொல்லச் சொன்னா" என்றார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கன்னியம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. தெருவில் வந்து நின்று, என் வாழ்நாளில் கத்தாத கத்தலாகக் கத்தினேன்.

"அக்காவுக்குக் கால்ல புண்ணு! மறைச்சி வெச்சிக்கினு கீது! யாராவது ஆட்டோவக் கூப்புடுங்க!"

தெருவில் கதவுகள் திறந்தன. கடைசியில் அக்காவின் கதவும் திறந்தது.

"ஏன்டி என் மானத்த வாங்குற?"

"உனுக்கு மானம்லாம் கீதாக்கா? இத்தினி நாளு தெரியவே தெரியாதே."

அவர் அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். சாக்ஸைக் கழற்றியபோது கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோயிலைச் சுற்றி மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். சூடு தெரியவில்லை. கொப்புளம் வந்து உடைந்து, சீழ் பிடித்து, சுண்டு விரல் கறுத்திருந்தது.

"ஆடினா சக்கர அடங்கும்னு உங்களையெல்லாம் நான்தான இட்டாந்தேன்? என் காலே இப்டின்னு தெரிஞ்சா, எவ வருவா? எல்லாம் வுட்டுட்டு ஊட்ல உக்காந்துப்பீங்க" என்றார்.

ஆட்டோ வந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். உள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் போயின, கால் தப்பியது. இன்னும் தாமதித்திருந்தால் கணுக்காலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

அவர் பயந்தபடி நடக்கவில்லை. மறுநாள் காலை நான் களத்துக்குப் போனபோது எல்லோரும் வந்திருந்தார்கள். முன்னால் நிற்கத்தான் யாருமில்லை. யாருக்கும் அந்த இடத்தில் போய் நிற்க மனம் வரவில்லை. வட்டமாக நின்று, எல்லோருமே தட்டினோம். தாளம் கண்டபடி போயிற்று. ஆனாலும் வேர்த்தது.

கட்டோடு அவர் திரும்பி வந்த நாள் கணவர் வேனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கிப் போட்டார். காலை ஒரு மணைமேல் நீட்டிக்கொண்டு, அக்கா உட்கார்ந்தபடியே வலை வீசினார். "டாக்டரக் கேட்டுட்டேன். காலுக்குத்தான் லீவு, கைக்கு இல்ல." பிறகு கட்டிய காலைத் தூக்கிக் காட்டி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி சொன்னார்: "நல்லாப் பாத்துக்குங்க. ஆட்டத்தால இல்ல, மறைச்சதால போச்சு."

நடந்தது நாங்கள் எதிர்பாராத ஒன்று. முட்டி வலியென்றும் இடுப்பு வலியென்றும் வீட்டில் முடங்கியிருந்த பெண்கள், உட்கார்ந்துகொண்டும் செய்யலாம் போலிருக்கிறதே என்று ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்காலி வரிசை தனியாக உருவானது. புண் ஆறி, மெத்தென்ற சிறப்புச் செருப்பு போட்டு அக்கா எழுந்து நின்ற பிறகும் அந்த வரிசை கலையவில்லை. இன்றைக்கும் இருக்கிறது.

பிறகு மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவரும் கணவரும் வள்ளூருக்குப் போய்விட்டார்கள். மருமகனுக்கு அங்கே அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. போனில் பேசும்போதெல்லாம், "இங்கயும் ஆரம்பிச்சிட்டேன்டி. செம கூட்டம். நிக்க எடம் பத்தல" என்பார். எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு ஞாயிறு மாலை, சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கலாம் என்று ஒரு வேன் பிடித்தோம். நான், கன்னியம்மா, அவள் மாமியார், மேகலா, நாற்காலி வரிசையிலிருந்து சிலர். பெரிய புகைபோக்கிகளுக்குக் கீழே, மின்கோபுரங்களுக்கு நடுவே வரிசையாக வாடகை வீடுகள். தெருமுனையில் ஒரு காலி மனை. அதில் அக்கா தனியாக நின்று கைதட்டி ஆடிக்கொண்டிருந்தார். எதிரில் ஒருவரும் இல்லை. வீட்டு வாசல்களில் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

எங்களைப் பார்த்ததும் அவர் கை நின்றது. அந்த முகத்தில் அப்படி ஒரு கூச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. அதான் யாரும் வரல" என்றார்.

கன்னியம்மாவின் மாமியார்தான் முதலில் பையைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அவருக்கு எதிரில் நின்றார். பக்கத்தில் கன்னியம்மா நின்றாள். பிறகு நான், மேகலா, மற்றவர்கள். வேனிலிருந்து நாற்காலிகளும் இறங்கின. மனை பாதி நிறைந்துவிட்டது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். நாங்கள் பேசிக்கொண்டே ஆடினோம். வழியில் வேன் டயர் பஞ்சரான கதையை மேகலா சொல்ல, சிரிப்பு தெருவெல்லாம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு வாசலில் இருந்த பெண் ஒருத்தி கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும்.

"அக்கா, எனக்கும் சுகர் இருக்கு. வரலாமா?"

"ஒண்ணும் கேக்க வேணாம். வந்து நில்லு" என்றார் அக்கா.

"அடுப்புல சாதம் கொதிக்குது. அணைச்சிட்டு ஓடியாந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

அக்கா தட்டுவதை நிறுத்தாமலே எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஓடுறா பாரு. ஊட்டுக்குள்ளயே ஆரம்பிச்சிட்டா."